நமீபியாவின் மணலையும் மலையையும் சிறு விமானத்திலிருந்து பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்கு ஆப்பிரிக்காவில், நமீபியாவின் கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்டிலிருந்து கிளம்பும் சிறு விமானங்கள் தெற்கே விரிந்து கிடக்கும் மணற்கடலைச் சுற்றிக் காட்டிவிட்டு இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் திரும்பிவிடுகின்றன. போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களும், பணம் கட்டிய பிறகு வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். விளம்பரப் படங்களில் மணலில் புதைந்த கப்பலும் சிவந்த மணல்மேடுகளும்தான் இருக்கும். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் பார்க்க வேண்டியவை எல்லைகள்: ஆறு மணலைத் தடுக்கும் இடம், மணல் ஆற்றைத் தடுக்கும் இடம், கடல் மணலைத் தின்னும் இடம். என் பதில்கள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எந்த வழியாகப் பறப்பார்கள்?

வழக்கமான சுற்று ஒரு முக்கோணம். ஸ்வாகோப்முண்டிலிருந்து தென்கிழக்காக உள்நாட்டுக்குப் போய், குய்செப் ஆற்றின் பள்ளத்தாக்கைத் தாண்டி, சோசஸ்ஃப்லெய் என்ற களிமண் தரைக்கு மேலே வட்டமடிப்பார்கள். அங்கிருந்து மேற்கே திரும்பி, மணல்மேடுகளுக்கு மேலாகவே அட்லாண்டிக் கடலை எட்டுவார்கள். பிறகு கடலோரமாக வடக்கு நோக்கி கன்செப்ஷன் பே, சாண்ட்விச் ஹார்பர், வால்விஸ் பே வழியாக வீடு திரும்புவார்கள். சில நாட்களில் இதையே தலைகீழாகவும் பறப்பதுண்டு. சுருக்கமான சுற்று ஒன்றும் இருக்கிறது. அதில் குய்செப்பின் உட்பகுதியும் சோசஸ்ஃப்லெய்யும் விடுபட்டுப்போகும். கையில் பணமிருந்தால் முழுச் சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சோசஸ்ஃப்லெய்க்குக் காரிலேயே போகலாமே. விமானம் எதற்கு?

போகலாம், போகவும் வேண்டும். முடிந்தால் தரைப் பயணத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும்போது அளவு பிடிபடாது. முந்நூறு மீட்டர் உயர மணல்மேடு ஜன்னலுக்குக் கீழே மணலில் காற்று போட்ட மடிப்பு போலத்தான் தெரியும். அதில் ஒன்றின் முகட்டில் ஏறி, இரண்டு அடி வைத்தால் ஓரடி சறுக்கி, மூச்சு வாங்கியவருக்கு மட்டுமே விமானத்திலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு பெரியது என்று உறைக்கும்.

ஆனால் தரையில் நிற்பவருக்குக் கிடைக்காத ஒன்று மேலே உண்டு. எந்த மணல்மேட்டில் ஏறினாலும் கண்ணில் படுவது அடுத்த மணல்மேடு. அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, ஏன் அங்கே முடிகின்றன என்பது விமானத்திலிருந்துதான் விளங்கும்.

குய்செப்பில் தண்ணீரே இல்லையாமே? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அது வெறும் மணல் படுகைதான். உள்நாட்டு மேட்டு நிலத்தில் கோடை மழை பெய்தால் சில நாட்கள் வெள்ளம் வரும். கடலைத் தொடுவது அபூர்வம். ஆனாலும் இந்தச் சுற்றில் ஒரே ஓர் இடத்தில்தான் கண் விழித்திருப்பேன் என்று சொல்பவர் இருந்தால், அவரை நான் குய்செப்பின் மீது எழுப்பிவிடுவேன்.

காரணம் இதுதான். ஆற்றுக்குத் தெற்கே மணல், மணல், மணல் மட்டுமே. வடக்கே ஒரு மேடுகூட இல்லை. சாம்பல் நிறச் சரளைத் தரை தட்டையாகக் கிடக்கிறது. நடுவே, கருவேல இன மரங்களின் மெல்லிய பச்சைக் கோடு. தெற்குக் காற்று ஓயாமல் மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. எப்போதோ ஒருமுறை வரும் வெள்ளம் ஆற்றுப் படுகையில் வந்து விழுந்த மணலையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுகிறது. ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டுமே ஓடும் ஓர் ஆறு, ஆண்டு முழுவதும் வேலை செய்யும் காற்றை இப்படித் தடுத்து வைத்திருக்கிறது. கடலோரத்தை நெருங்கும்போது ஆற்றின் பிடி தளர்கிறது; வால்விஸ் பே பக்கம் மணல் அதைத் தாண்டி வடக்கே போயிருப்பதையும் கவனிக்கலாம். இதைப் படத்தில் பார்ப்பதற்கும், விமானம் அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கும்போது முன்னால் ஒரு நிறமும் பின்னால் வேறொரு நிறமுமாகப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

மேலே, பள்ளத்தாக்குப் பகுதியில், ஆறு கருமையான உருமாறிய பாறைகளை ஆழமாக அறுத்திருக்கிறது. பாறை அடுக்குகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். இரண்டாம் உலகப் போரின்போது ஹென்னோ மார்ட்டின், ஹெர்மன் கோர்ன் என்ற இரண்டு ஜெர்மன் புவியியலாளர்கள், சிறைமுகாமில் அடைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, ஒரு நாயுடன் இந்தப் பள்ளத்தாக்கில்தான் 1940 முதல் இரண்டரை ஆண்டு ஒளிந்து வாழ்ந்தார்கள். கோர்ன் நோயில் விழுந்த பிறகுதான் வெளியே வந்தார்கள். மேலே இருந்து அந்த இடுக்குகளைப் பார்த்தால், அவர்களை யாரும் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை. குடிக்கத் தண்ணீர் கிடைத்ததுதான் வியப்பு.

கீழே இறங்க இறங்க ஆற்றங்கரையில் சில கட்டடங்கள் தென்படலாம். அது 1962இல் தொடங்கப்பட்ட கோபபெப் ஆய்வு நிலையம். மணற்கடல், சரளைச் சமவெளி, ஆற்றுப் படுகை மூன்றும் சந்திக்கும் இடமாகப் பார்த்து அமைத்திருக்கிறார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கண் இருந்திருக்கிறது.

சோசஸ்ஃப்லெய் மேலே என்ன தெரியும்?

அங்கே கதை தலைகீழ். சவுகாப் என்ற ஆறு கிழக்கேயுள்ள நௌக்லுஃப்ட் மலைகளிலிருந்து இறங்கி, செஸ்ரியம் என்ற இடத்தில் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் பாறையை அறுத்து, இரண்டு மணல் வரிசைகளுக்கு இடையே அகலமான ஒரு பாதையில் மேற்கே வருகிறது. கடலுக்கு இன்னும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் இருக்கும்போது மணல் குறுக்கே எழுந்து வழியை அடைத்துவிடுகிறது. ஆறு அங்கேயே சாகிறது. அது கொண்டுவந்த வண்டல்தான் வெளிறிய களிமண் தரைகளாகப் படிந்திருக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் அங்கே சில வாரங்கள் தண்ணீர் நிற்கும்.

பக்கத்திலேயே டெட்ஃப்லெய் என்ற இன்னொரு களிமண் தரை. ஆறு அந்தத் தரைக்கு வருவதை மணல் முற்றிலும் அடைத்துவிட்டதால், அங்கிருந்த மரங்கள் ஏறத்தாழ 600, 700 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போயின. காய்ந்து உளுத்துப்போகக்கூட அங்கே ஈரம் இல்லை. கறுத்த கட்டைகளாக நின்றுகொண்டே இருக்கின்றன. விமானத்திலிருந்து அவை மிளகைச் சிதறவிட்டது போன்ற புள்ளிகள். அருகில் நிற்கும் மணல்மேடு ஏறத்தாழ 325 மீட்டர் உயரம். ‘பிக் டாடி’ என்று பெயர். காலை நேரமாக இருந்தால் அதன் முகட்டில் எறும்பு வரிசையாக மனிதர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். அளவு புரிவதற்கு அவர்களைத் தேடுங்கள்.

மணல்மேடுகளின் வடிவம் இடத்துக்கு இடம் மாறுகிறதே, ஏன்?

காற்றின் குணம் மாறுவதால். சோசஸ்ஃப்லெய் பக்கம் பருவத்துக்குப் பருவம் வெவ்வேறு திசைகளிலிருந்து காற்று வீசும். எந்தப் பக்கமும் போக முடியாத மணல் நின்ற இடத்திலேயே உயர்ந்து, நடுவில் ஓர் உச்சியும் அதிலிருந்து பிரியும் மூன்று, நான்கு கைகளுமாக நட்சத்திர வடிவம் எடுக்கும். உயரமானவை இவைதான். மேற்கே போகப் போக அவை நீண்ட இணைகோடுகளாக மாறும். வடக்குத் தெற்காகப் பல பத்துக் கிலோமீட்டர் ஓடும். கடலை நெருங்கினால், ஒரே திசையில் பலமாக வீசும் தென்காற்றுக்குக் குறுக்காக நிற்கும் பிறை வடிவங்களும் அலை வடிவங்களும். இவை உயரம் குறைந்தவை, ஆனால் நகர்பவை.

சோசஸ்ஃப்லெய்யிலிருந்து கடல்வரை பறக்கும் அந்த நேரத்தில் இந்த மூன்று வடிவங்களும் வரிசையாக வரும். பலர் அந்தப் பகுதியில் ‘எல்லாம் ஒரே மணல்தானே’ என்று கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நிறத்தையும் கவனியுங்கள்: உள்நாட்டில் செங்கல் சிவப்பு, கடலோரத்தில் வெளிறிய மஞ்சள்.

அந்தச் சிவப்பு எப்படி வந்தது? இவ்வளவு மணலும் எங்கிருந்து வந்தது?

சிவப்பு, மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. கடலைவிட்டு விலகி நீண்ட காலம் கிடந்த மணலில் அந்தப் பூச்சு கூடுதல். நம் தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரிக்காட்டு மணல் சிவந்திருப்பதற்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம்.

வந்த வழிதான் சுவாரசியம். இந்த மணலில் பெரும்பகுதி மலையிலிருந்து வந்தது, அதுவும் பக்கத்து மலையிலிருந்து அல்ல. ஆரஞ்சு ஆறு கண்டத்தின் மறுபக்கத்தில், லெசோத்தோவின் மலைகளில் பிறந்து, தென்னாப்பிரிக்காவைக் குறுக்கே கடந்து, நமீபியாவின் தெற்கு எல்லையில் கடலில் சேர்கிறது. அது கொட்டிய மணலை அலைகளும் கடலோர நீரோட்டமும் வடக்கே இழுத்துவந்து கரையில் எறிகின்றன. காற்று அதை அள்ளி உள்ளே கொண்டுபோகிறது. அதே ஆறு, அதே வழியில்தான் வைரத்தையும் கொண்டுவந்தது. 1908இல் லூடெரிட்ஸ் அருகே வைரம் கிடைத்ததும் கடற்கரையெங்கும் சுரங்க முகாம்கள் முளைத்தன. கன்செப்ஷன் பேக்கு அருகே கைவிடப்பட்ட முகாம்களின் மரக் குடிசைகளை விமானி காட்டுவார். கவனிக்காவிட்டால் சில நொடிகளில் கடந்துபோகும்.

உள்ளே போன மணல் குறைந்தது பத்து லட்சம் ஆண்டுகளாக இந்தப் பாலையில் அலைந்துகொண்டிருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2013இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பரப்பு முப்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல்.

மலைகளையும் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்வாகோப்முண்ட் சுற்றில் நௌக்லுஃப்ட் மலைகள் கிழக்கு விளிம்பில் நீலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

மலையும் பாலையும் சேர்ந்து வேண்டுமானால் தலைநகர் வின்ட்ஹூக்கிலிருந்து சோசஸ்ஃப்லெய் லாட்ஜுகளுக்குப் போகும் சிறு விமானம்தான் சரி. சுற்றுலா என்ற பெயர் அதற்குக் கிடையாது. ஆட்களை இறக்கிவிடும் வண்டி. ஆனாலும் வழி அருமையானது. நகருக்குள்ளேயே இருக்கும் ஈரோஸ் விமான நிலையம் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி, புல்லும் புதரும் மண்டிய குன்றுகளின் மேல் மேற்கே போனால், உச்சியைச் சீவிவிட்டது போன்ற காம்ஸ்பெர்க் மலை, 2,347 மீட்டர். அந்த வட்டாரத்து மேட்டு நிலத்தில் ‘ஹெஸ்’ என்ற காமாக் கதிர்த் தொலைநோக்கிகள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் பெரிய கிண்ணம் 28 மீட்டர் விட்டம் கொண்டது. வழி அந்தப் பக்கம் அமைந்தால் வெயிலில் பளிச்சென்று தெரியும்.

பிறகு திடீரென்று தரை கீழே போய்விடும். ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சுற்றி வளைத்து நிற்கும் பெருஞ்சரிவின் ஒரு பகுதி அது. விமானம் அதே உயரத்தில்தான் பறந்துகொண்டிருக்கும். ஆனால் ஒரு நிமிடம் முன்புவரை மரங்களை எண்ண முடிந்த இடத்தில், இப்போது பல நூறு மீட்டர் கீழே ஓடைகள் வறண்ட விரல்களாகப் பரவிக் கிடக்கும். சரிவின் அடியில் மலை கரைந்து சரளையாகவும் மணலாகவும் சமவெளிக்கு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

புல்வெளியில் வட்ட வட்டமாக மொட்டைத் தரை இருக்குமாமே?

அவற்றைத் தேவதை வட்டங்கள் என்பார்கள். மணற்கடலின் கிழக்கு விளிம்பில், புல் முளைக்கும் பகுதியில், இரண்டு முதல் பத்து மீட்டர் அகலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஏன் என்பதில் சண்டை தீரவில்லை. மணலுக்கடியில் வாழும் கறையான்கள் புல் வேர்களைத் தின்று ஈரத்தைச் சேமிக்கின்றன என்கிறது ஒரு தரப்பு. குறைவான தண்ணீருக்குப் போட்டியிடும் புற்களே தங்களை இப்படி இடைவெளிவிட்டு அமைத்துக்கொள்கின்றன என்கிறது மற்றொரு தரப்பு. மழைக்குப் பிந்தைய மாதங்களில் புல் நிற்கும்போதுதான் வட்டங்கள் எடுப்பாகத் தெரியும்.

அந்தக் கப்பல்?

எடுவார்ட் போலன். ஜெர்மன் சரக்குக் கப்பல். 1909 செப்டம்பரில் மூடுபனியில் வழி தவறி கன்செப்ஷன் பே அருகே தரை தட்டியது. அதன் பிறகு அந்த இடத்தில் கரை மெல்ல மெல்லக் கடலுக்குள் முன்னேறிவிட்டது. இப்போது கப்பல் சில நூறு மீட்டர் உள்ளே, மணலில் பாதி புதைந்து கிடக்கிறது. கப்பல் நகரவில்லை, கடற்கரைதான் நகர்ந்தது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், துருப்பிடித்த இரும்பு கொஞ்சம் மதிப்புப் பெறும்.

அதிலிருந்து வடக்கே நீண்ட சுவர் என்று அழைக்கப்படும் பகுதி வரும். பாலை அங்கே கரை என்ற ஒன்றே இல்லாமல் முடிகிறது. மணல்மேடு நேராகக் கடலுக்குள் சரிகிறது. அலை அதன் காலை அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் உலர்ந்த மணல், மறுபக்கம் குளிர்ந்த கடல். நான் கப்பலை விட்டுவிட்டு இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எந்த வகை விமானம்?

பெரும்பாலும் செஸ்னா 210. ஒற்றை எஞ்சின், விமானி உட்பட ஆறு இருக்கைகள், சக்கரங்கள் உள்ளே மடங்கும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்வையை மறைக்காது. 1967க்குப் பிறகு வந்த மாதிரிகளில் இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பியும் கிடையாது. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இது பெரிய வரம். இந்த மாதிரியின் தயாரிப்பு 1980களிலேயே நின்றுவிட்டது. ஆகவே விமானியைவிட விமானத்துக்கு வயது கூடுதலாக இருப்பது சாதாரணம். சில நேரம் செஸ்னா 206 வரும்; கூட்டம் அதிகமிருந்தால் பெரிய கேரவன் விமானம் வரும்.

எந்த இருக்கை நல்லது?

விமானியின் பக்கத்து இருக்கை. ஆனால் அது விமானத்தின் சமநிலைப்படி ஒதுக்கப்படும், கேட்டவருக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கடைசி வரிசையில் கால் நீட்ட இடமில்லை. வட்டமடிக்கும் இடங்களில் இரண்டு பக்கமும் சாய்த்துக் காட்டுவார்கள் என்பதால் இடமா வலமா என்று பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கடலோரமாக வடக்கே வரும்போது மட்டும் மணல் வலப்பக்கம், கடல் இடப்பக்கம்.

எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பார்களா?

பார்ப்பார்கள், கையிலிருக்கும் கேமராப் பையோடு சேர்த்து. கூச்சப்பட ஒன்றுமில்லை. வெப்பமான, உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவு. அதே எஞ்சின் குறைவாகவே இழுக்கும், இறக்கை குறைவாகவே தூக்கும், ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். ஈரோஸ் போன்ற இடத்தில் பகல் வெயிலில் ஒருவர் பத்து கிலோ குறைத்துச் சொன்னால் அது விமானியின் கணக்கைக் கெடுக்கும். லாட்ஜுக்குப் போகிறீர்கள் என்றால் கடினமான சூட்கேஸ் கூடாது. சரக்கறையில் வளைத்துத் திணிக்க முடிகிற துணிப்பையாக இருக்க வேண்டும்.

ஒரே எஞ்சின்தானே. நின்றுவிட்டால்?

நியாயமான பயம். எஞ்சின் நின்றால் விமானம் கல்லாக விழாது, வழுக்கி இறங்கும். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் போகலாம். குய்செப்புக்கு வடக்கே சரளைச் சமவெளி கண்ணுக்கெட்டியவரை இறங்கும் இடம்தான். மணல்மேடுகளுக்கு நடுவே நிலைமை அவ்வளவு சுகமில்லை. மேடுகளுக்கு இடையிலுள்ள தட்டைத் தரைகளைத்தான் நம்ப வேண்டும். அதனால்தான் அந்தப் பகுதியில் விமானிகள் கூடுதல் உயரம் வைத்துக்கொள்வது நல்லது; ‘ஏன் தாழ்வாகப் பறக்கவில்லை’ என்று முணுமுணுக்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: நமீபியாவின் விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் வணிக இயக்கச் சான்றிதழ் நிறுவனத்திடம் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கும் நிறுவனத்தை விட்டுவிடுங்கள். விமானி இருபது சொச்சம் வயதுக்காரராக இருந்தால் கலங்க வேண்டாம். பெரிய விமானங்களுக்குப் போகும் முன் பறந்த நேரத்தைச் சேர்க்க உலகெங்குமிருந்து இளம் விமானிகள் இங்கே வருகிறார்கள். மூடுபனியைப் பார்த்துவிட்டு ‘இன்று காலை முடியாது’ என்று தயங்காமல் சொல்பவர்தான் நல்ல விமானி.

குலுக்குமா? எனக்குப் பஸ்ஸிலேயே குமட்டும்.

குலுக்கும். சரளைச் சமவெளி முற்பகலிலேயே சூடேறி, வெந்த காற்று தூண் தூணாக மேலெழும். சிறு விமானம் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும். கடலோரத்துக்கு வந்தால் குளிர்ந்த காற்றில் அநேகமாக அமைதியாகிவிடும். குமட்டலுக்கு முக்கியக் காரணம் குலுக்கலைவிட வட்டமடிப்பதுதான். சாய்ந்த விமானத்தில் கேமராத் திரைக்குள் தலையைக் கவிழ்த்தால் தலை சுற்றுவது உறுதி.

வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். தொலைவில் உள்ள அடிவானத்தைப் பாருங்கள். மருத்துவரைக் கேட்டு, பயணக் குமட்டல் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பலனில்லை. ஊரிலிருந்து இஞ்சி மரப்பா கொண்டுபோங்கள், சிலருக்கு நன்றாகவே கேட்கும். இருக்கைப் பையில் காகிதப் பை இருக்கிறதா என்று கிளம்பும் முன் தொட்டுப் பாருங்கள். கழிவறை கிடையாது. காலைக் காப்பியை அளவோடு குடியுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்?

இரண்டு விஷயங்கள் இங்கே மல்லுக்கு நிற்கின்றன. மணல்மேட்டின் வடிவம் நிழலில்தான் தெரியும். ஆகவே அதிகாலையும் மாலையும் நல்லவை. உச்சிவெயிலில் எல்லாம் சப்பென்று தட்டையாகிவிடும். ஆனால் அதிகாலையில் ஸ்வாகோப்முண்ட் மூடுபனியில் மூழ்கியிருக்கும் நாட்கள் ஏராளம். பென்குவெலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டத்தின் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகி உள்ளே நுழைகிறது. ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத அந்தக் கரையில் வண்டுகளும் செடிகளும் உயிர் பிழைத்திருப்பது அந்த மூடுபனியால்தான், ஆகவே திட்டவும் மனம் வராது.

என் பரிந்துரை பிற்பகல் விமானம். பனி விலகியிருக்கும். உள்நாட்டில் கொஞ்சம் குலுக்கினாலும், கடலோரமாகத் திரும்பும் நேரத்தில் சாய்ந்த வெயில் மணலின் மீது விழும். மாதம் என்றால் மே முதல் செப்டம்பர்வரை. அந்தக் குளிர்காலத்தில் சில நாட்கள் கிழக்குக் காற்று வீசும். பெருஞ்சரிவிலிருந்து இறங்க இறங்கச் சூடேறி, மணலைக் கடலுக்குள் வாரி இறைக்கும். அந்த நாளில் யாரும் பறக்க மாட்டார்கள். எனவே ஸ்வாகோப்முண்டில் ஒரே ஓர் இரவு தங்கிவிட்டுப் பறந்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு நாளாவது கையிருப்பு வேண்டும்.

நல்ல படம் எடுக்க?

கறுப்பு அல்லது கருநீலச் சட்டை அணியுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்து எல்லாப் படத்திலும் உங்கள் வயிறு தெரியும். லென்ஸை ஜன்னலுக்கு அருகே வையுங்கள், ஆனால் தொடாதீர்கள். எஞ்சின் அதிர்வு அப்படியே படத்தில் இறங்கும். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். ஜன்னல் பிளாஸ்டிக் என்பதால் வானவில் கறைகள் விழும். ஜன்னலின் ஓரத்தில் எங்காவது கீறலில்லாத ஒரு சதுரம் இருக்கும், ஓடுபாதையில் நிற்கும்போதே அதைக் கண்டுபிடித்து வையுங்கள். குய்செப்பைக் கடக்கும்போது மட்டும் கேமராவை மடியில் வைத்துவிடுங்கள்.

விலங்குகள் தெரியுமா?

ஓரிக்ஸ் மான்கள், தீக்கோழிகள் புள்ளிகளாகத் தெரியும். அவற்றின் நடைபாதைகள் விலங்குகளைவிடத் தெளிவாகத் தெரியும். கடற்கரையில் கடல்நாய்க் கூட்டங்கள். வால்விஸ் பே கடற்கழியில் செங்கால் நாரைகளைவிடச் சிவந்த பூநாரைகள். இன்னும் தாழ்வாகப் போகச் சொல்லி விமானியை நச்சரிக்காதீர்கள். பூங்காக்களுக்கு மேல் உயரக் கட்டுப்பாடுகள் உண்டு. கலைந்து ஓடும் கடல்நாய்க் கூட்டத்தில் குட்டிகள் மிதிபடும்.

வால்விஸ் பேயில் இளஞ்சிவப்புப் பாத்திகளைப் பார்த்து இது என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். உப்பளம். உப்பு முற்றிய நீரில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

செலவு எவ்வளவு?

விமானத்துக்கு மொத்தமாக ஒரு விலை. அதை ஏறும் ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். ஐந்து பேர் சேர்ந்தால் மலிவு, இருவர் மட்டும் என்றால் கை சுடும். தனியாகப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் மற்றவர்களோடு சேர்த்துவிடுவார்கள். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒரே மதிப்பு. இரண்டுமே அங்கே செல்லும்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

இரண்டு மணி நேரம் கட்டிப்போட்ட இருக்கையில் பொறுமையாக இருக்கும் குழந்தை என்றால் சரி. காதுக்குப் பொருந்தும் ஹெட்போன் இருக்கிறதா என்று கேளுங்கள், எஞ்சின் சத்தம் பலமானது.

இந்தியாவிலிருந்து எப்படிப் போவது?

நேரடி விமானம் இல்லை. ஜோகன்னஸ்பர்க் அல்லது அடிஸ் அபாபா வழியாக வின்ட்ஹூக் போய், அங்கிருந்து நல்ல தார்ச் சாலையில் ஏறத்தாழ 360 கிலோமீட்டர் காரில் போனால் ஸ்வாகோப்முண்ட். விசா விதிகள் மாறுபவை. தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வடக்கே எலும்புக்கூட்டுக் கடற்கரைப் பக்கம் பறப்பது மேலா, தெற்குச் சுற்று மேலா?

முதல் தடவை என்றால் தெற்கு. இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தாலோ, மணலைவிடப் பாறையில் மனம் போனாலோ வடக்கு. அங்கே சமவெளி நடுவே பிராண்ட்பெர்க் தனியாக எழுந்து நிற்கிறது. அதன் உச்சி 2,573 மீட்டர், நாட்டிலேயே உயரமானது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரியத் தொடங்கிய காலத்தில், பூமிக்கடியில் உறைந்த கிரானைட் அது. மேலே இருந்த பாறையெல்லாம் அரித்துப்போக, உள்ளே இருந்தது வெளியே வந்தது. தரையிலிருந்து பார்த்தால் சாதாரண மலைத்தொடர். மேலிருந்து பார்த்தால்தான் அது ஏறக்குறைய வட்டம் என்று புரியும். சற்றுத் தெற்கே ஷ்பிட்ஸ்கொப்பே, 1,728 மீட்டர், அதே குடும்பம்.

வடக்குச் சுற்றில் சீலா என்ற மீன்பிடிக் கப்பலையும் காட்டுவார்கள். பழைய இரும்புக்காக இந்திய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, மும்பைக்கு இழுத்துச் செல்லப்படும்போது 2008இல் கயிறு அறுந்து கரை தட்டியது. இப்போது நீர்க்காகங்களின் குடியிருப்பு. அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. ஹென்டீஸ் பே ஊருக்குச் சற்றுத் தெற்கே சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, கரையில் நின்றே பார்க்கலாம்.